நெல் கொள்வனவுத் திரைக்கு எந்தக் கருவி? செயலி வடிவமைப்புக்குப் புதியவர்களுக்கு

வன்னியில் மென்பொருள் செய்யக் கற்பவர்களுக்கு இப்போது குறைவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. வீட்டில் இருந்தபடி யூடியூப் பார்த்துத் தானே படிப்பவர்களும் நிறையப் பேர். இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்பது ஒன்றைத்தான்: "வடிவான டிசைன் செய்ய எந்த சொஃப்ட்வெயர் நல்லம்?"

பதில் சொல்ல முன், கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். திரை எப்படி இருக்க வேண்டும் என்று கீறிப் பார்க்கும் கருவிகள் ஒரு பக்கம். கீறியதை உண்மையில் ஓட வைக்கும் கருவிகள் மறுபக்கம். ஃபிக்மா முதல் வகை. பூட்ஸ்ட்ராப், டபிள்யூ.பி.எஃப்., ஃப்ளட்டர், எலெக்ட்ரோன் எல்லாம் இரண்டாம் வகை; ஒவ்வொன்றும் என்ன என்று பின்னால் பார்ப்போம். வீட்டுக்குப் படம் கீறும் பென்சிலும் சுவர் கட்டும் கரண்டியும் போல இவை வேறுவேறு வேலைக்கானவை. ஃபிக்மாவில் பொத்தானை அழுத்தினால் அடுத்த திரைக்குப் போகும், பார்க்கச் செயலி மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ஒரு கிலோ நெல்லைக்கூடப் பதிந்து வைக்க முடியாது. இந்த வித்தியாசம் பிடிபடாமல் "ஃபிக்மாவா ஃப்ளட்டரா" என்று ஒப்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பீட்டுக்கு விடையே கிடையாது.

முதலில் கணினியைப் பாருங்கள்

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பரந்தன் பக்கம் ஒரு நெல் ஆலை. காலபோக அறுவடை நேரம், வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே மேசையில் ஒரு கணினி, பக்கத்தில் தராசு, ஈரப்பதமானி, சிட்டை அடிக்கும் சிறிய பிரின்டர். வருபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நெல்லின் இனம், மூடை எண்ணிக்கை, மொத்த நிறை, ஈரப்பதம், கழிவு, கிலோ விலை, கொடுக்க வேண்டிய தொகை என்று இவ்வளவும் ஒரே திரையில் பதிய வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதற்கு வைத்திருக்கும் ஈரப்பத எல்லை 14 வீதம். தனியார் ஆலைகள் அதற்கு மேல் உள்ள நெல்லையும் வாங்கும், கழிவு போட்டு, அதாவது ஈரத்துக்காக நிறையில் ஒரு பகுதியைக் குறைத்து. ஆகவே அந்தத் திரையில் சண்டை வரக்கூடிய இடம் எது என்று இப்போதே தெரிந்துவிட்டது: கழிவை எழுதும் பெட்டி.

இனி அந்தக் கணினியைக் கவனியுங்கள். ஆலைகளிலும் சங்கக் கடைகளிலும் பெரும்பாலும் இருப்பது பழைய இயந்திரம்: 4 ஜி.பி. நினைவகம், 1366க்கு 768 புள்ளித் திரை. விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. இந்தத் தகவலே பாதிக் கருவிகளைக் கழித்துவிடும். குரோம் உலாவி விண்டோஸ் 7ஐ 109ஆம் பதிப்போடு கைவிட்டது. எலெக்ட்ரோன் 2023இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டையும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவுகூட 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிய கருவியை வைத்து மூன்று மாதம் வேலை செய்து, கடைசியில் ஆலைக் கணினியில் அது திறக்கவே மாட்டேன் என்றால் என்ன செய்வது? அதனால்தான் முதலில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்தது, இணையச் செயலியா கணினியில் நிறுவும் செயலியா என்ற கேள்வி. இதைப் பலர் ரசனை விடயமாக நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இதைத் தீர்மானிப்பது மின்சாரமும் சிக்னலும்தான். ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கம் உள்ளே போகப் போக டேட்டா எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாத இடங்கள் உண்டு. வாசலில் பத்துப் பெட்டி நெல் நிற்கும்போது "இணைப்பு இல்லை" என்று சுழன்றுகொண்டிருக்கும் வட்டத்தை எவரும் பொறுக்கமாட்டார்கள். இன்னொன்று, தராசிலிருந்து நிறையை நேரே எடுப்பது நிறுவும் செயலியில் சுலபம். உலாவியில் என்றால் பெரும்பாலும் குரோம் வகையைச் சேர்ந்தவையில்தான் அதற்கு வழி இருக்கிறது. சிட்டை அடிப்பதும் அப்படியே. உலாவியிலிருந்து அடித்தால் ஒவ்வொரு தடவையும் அச்சிடும் சாளரம் வந்து நிற்கும். அதைத் தவிர்க்கத் தனியாக மெனக்கெட வேண்டும்.

மறுபுறம் உரிமையாளர் வவுனியாவில் இருந்துகொண்டு இன்றைய கணக்கைப் போனில் பார்க்க வேண்டும் என்றால் இணையச் செயலிதான் சரி. இரண்டும் வேண்டுமென்றால் நடுவழி ஒன்று இருக்கிறது, பலருக்கு இது தோன்றுவதில்லை: சேவையகத்தை, அதாவது கணக்கை வைத்திருந்து மற்றக் கருவிகளுக்குக் கொடுக்கும் நிரலை, ஆலைக்குள்ளேயே ஒரு கணினியில் ஓட விடுவது. ரவுட்டர் வழியாக மற்றக் கணினிகளும் போன்களும் அதை உலாவியில் திறக்கும். வெளியே இணையம் இருக்கத் தேவையில்லை. சிக்னல் வரும்போது கணக்கு மேலே போய்ச் சேரும். சிறிய இடங்களுக்கு எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான்.

கீறும் கருவிகள்

தொடக்கம் ஏ4 தாளும் பென்சிலும். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் ஆலைக் கிளாக்கரிடம் தாளைக் காட்டினால், பென்சிலை வாங்கி, "இதுக்கு முதல் மூடை எண்ணிக்கை வரவேணும் தம்பி" என்று தானே அம்புக்குறி போடுவார். பளபளப்பான திரையைக் காட்டினால் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பல்சாமிக் என்ற கருவி 2008இலிருந்து இதை வைத்தே பிழைக்கிறது: அதில் செய்யும் திரைகள் வேண்டுமென்றே கையால் கிறுக்கியது போல இருக்கும், பார்ப்பவர் நிறத்தைப் பற்றிப் பேசாமல் ஒழுங்கைப் பற்றிப் பேசட்டும் என்று.

தாளில் ஒழுங்கு பிடிபட்ட பிறகு ஃபிக்மா. 2012இல் தொடங்கிய நிறுவனம், 2016இல் பொதுப் பாவனைக்கு வந்த கருவி. உலாவியிலேயே ஓடும், இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே படத்தில் வேலை செய்யலாம், இலவசத் திட்டம் கற்பவருக்குப் போதும். தொழிலில் எல்லோரும் கேட்பதும் இதுதான். ஆகவே வேலை தேடுபவர் இதைப் படிக்காமல் இருக்க முடியாது. 2022இல் அடோபி இதை 2,000 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஐரோப்பிய, பிரித்தானிய போட்டி ஒழுங்குபடுத்துநர்கள் தடையாக நின்றதால் 2023 டிசெம்பரில் அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. குறை என்னவென்றால், இணையம் இல்லாமல் இதில் அதிகம் ஓட முடியாது. டேட்டா தீர்ந்தால் வேலையும் நின்றுவிடும்.

பென்பொட் என்று ஒன்று இருக்கிறது. திறந்த மூலம், இலவசம். வேண்டுமானால் உங்கள் ஆய்வுகூடச் சேவையகத்திலேயே நிறுவிக்கொள்ளலாம், அப்போது வெளி இணையம் தேவையில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, அதில் பெட்டிகளை அடுக்கும் முறை, இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சி.எஸ்.எஸ். அடுக்கும் முறையையே பின்பற்றுகிறது என்பது. கீறும்போதே பின்னால் எழுதப் போகும் நிரலின் மொழி பழகிவிடும். கற்பிக்கும் இடங்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். ஃபிக்மா அளவுக்கு ஆயத்த வார்ப்புருக்கள் கிடைக்காது, அவ்வளவுதான்.

பழைய யூடியூப் பாடங்களை நம்பிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடோபி எக்ஸ்டியைப் புகழும் வீடியோக்கள் இன்னும் ஏராளம் கிடக்கின்றன; அடோபி அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டது. இன்விஷன் 2024 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. ஸ்கெட்ச் நல்ல கருவி, ஆனால் மேக் கணினியில் மட்டும்தான். போட்டோஷொப்பில் திரை வடிவமைப்பது, நோட்டீஸ் அடிக்கும் இடத்தில் பழகியவர்களின் பழக்கம், அதை விட்டுவிடலாம். இணையமே இல்லாத வீட்டில் இருந்து பழகுபவருக்கு இங்க்ஸ்கேப் என்ற இலவசப் படம் கீறும் நிரல் போதும். அழுத்தினால் திரை மாறும் வித்தை அதில் இல்லை, ஆனாலும் இடைவெளி, நிறம், எழுத்து எல்லாவற்றையும் அதிலேயே கற்கலாம்.

தமிழ் போட்டுப் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். கருவிகளைப் பற்றிய ஆங்கிலப் பாடங்களில் இது இருக்காது.

இணையத்தில் கிடைக்கும் வடிவான வார்ப்புருக்களின் அழகு பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் மேல்தான் நிற்கிறது. தலைப்புகள் எல்லாம் பெரிய எழுத்தில், எழுத்துகளுக்கிடையே அகல இடைவெளி விட்டு இருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. அதே இடைவெளியைத் தமிழுக்குப் போட்டால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்பது போலத் தெரியும். சாய்வெழுத்து போட்டால் பல எழுத்துருக்களில் கணினி தானாகச் சரித்துக் காட்டும், அது அசிங்கம். ஆக, எது முக்கியம் எது துணை என்று காட்ட நம்மிடம் மிஞ்சுவது எழுத்தின் அளவு, தடிப்பு, நிறம் ஆகிய மூன்றும்தான். அவற்றை வைத்தே முழுத் திரையையும் சமாளிக்க வேண்டும்.

ஒரு பரிசோதனை. எந்தக் கருவியானாலும் ஒரு பொத்தானை வைத்து அதில் "மூடு" என்று எழுதுங்கள். பொத்தானின் உயரம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்ததாக இருந்தால் "மூ"வின் வால் கீழே வெட்டுப்படும். பிறகு "பெறுமதியை மீள்கணி" என்று எழுதுங்கள். மேலே "மீ"யின் சுழியும் கீழே "று"வின் வளைவும் தெளிவாகத் தெரிய வேண்டும். வரி உயரத்தை எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்கு, கொஞ்சம் கூடவும் வைத்தால் இது சரியாகும். அப்புறம் "யோகேஸ்வரி", "கௌரி" என்று இரண்டு பெயர்களைத் தட்டச்சு செய்யுங்கள். கொம்பு முன்னால் வராமல் எழுத்துக்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு நின்றால் அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியவில்லை என்று பொருள். அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இன்றைய உலாவிகளிலும், கணினிச் செயலி செய்யும் கருவியான கியூட்டிலும் இந்தப் பிரச்சினை இல்லை.

நீளமும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடிவது தமிழில் "கொள்வனவை உறுதிசெய்" என்று நீளும். பொத்தானின் அகலத்தைக் கட்டிவைக்காமல் எழுத்துக்கேற்ப விரிய விடும் கருவிதான் நமக்கு வேண்டியது. இணையத் தொழில்நுட்பத்தில் இது இயல்பாகவே நடக்கும். விண்டோஸ் செயலி செய்யும் வின்ஃபோர்ம்ஸ் போன்ற பழைய முறையில் ஒவ்வொரு பெட்டியையும் இழுத்து வைத்த இடத்தில் அது அப்படியே நிற்கும். நாளைக்குச் சிங்களத்திலும் வேண்டும் என்று கேட்டால் திரும்ப எல்லாவற்றையும் இழுக்க வேண்டியதுதான்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், பல தடிப்புகளில் வரும். விண்டோஸ் 8க்குப் பிறகு வந்த கணினிகளில் நிர்மலா யூ.ஐ. ஏற்கெனவே இருக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் பாமினி வேண்டவே வேண்டாம். நோட்டீஸுக்கு அது போதும். செயலிக்குள் போட்டால் அந்த எழுத்துரு இல்லாத போனில் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், விவசாயியின் பெயரைத் தேடவும் முடியாது, அகரவரிசையும் பிழைக்கும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கருவிக்கும் பொதுவான குறியீடு தரும் ஒருங்குறியை (யூனிகோட்) விட்டு விலகாதீர்கள்.

ஓட வைக்கும் கருவிகள்

விண்டோஸில் மட்டும் ஓடினால் போதும், சி ஷார்ப் நிரல்மொழி கொஞ்சம் தெரியும் என்றால் மைக்ரோசொஃப்டின் டபிள்யூ.பி.எஃப். 2006இல் வந்தது, கிழவன்தான்; ஆனாலும் வின்ஃபோர்ம்ஸின் சாம்பல் நிறப் பெட்டிகளைவிட எவ்வளவோ மேல். அது ஓடும் தளமான டொட் நெட்டின் 2024 நவம்பரில் வந்த 9ஆம் பதிப்பில் அதற்கு விண்டோஸ் 11 தோற்றத்தையும் சேர்த்துவிட்டார்கள். அதே பாணியில் எழுதி லினக்ஸிலும் ஓட்ட வேண்டுமானால் அவலோனியா. பைதன் பழகியவர்களுக்கு டிக்கின்டர் கற்பதற்கு நல்லது, வாடிக்கையாளருக்குக் கொடுக்க அல்ல; பைசைட் என்ற பெயரில் வரும் கியூட்டுக்குப் போய்விடுங்கள். கியூட் 1995இலிருந்து இருக்கும் நோர்வே நாட்டுப் பிள்ளை. பெட்டிகளை இழுத்து வைத்துத் திரை செய்யும் டிசைனரும் கூடவே வரும்.

இணையத்துக்கு, பக்கத்தில் என்னென்ன இருக்கும் என்று எழுதும் எச்.ரி.எம்.எல்., அதன் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். இரண்டையும் தவிர்த்துப் போக வழியில்லை. 2011இல் ட்விட்டர் வெளியிட்ட பூட்ஸ்ட்ராப் ஆயத்தப் பொத்தான்கள், படிவங்கள், அட்டவணைகள் எல்லாம் தரும். அதில் செய்த தளங்கள் ஒன்றைப்போல ஒன்று இருக்கின்றன என்று குறை சொல்வார்கள். நெல் ஆலைக் கிளாக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல, தைரியமாகப் பாவிக்கலாம். டெயில்விண்ட் ஆயத்தப் பொருள் எதையும் தராது, அளவுகளையும் நிறங்களையும் ஒழுங்குபடுத்தித் தரும், சி.எஸ்.எஸ். ஓரளவு புரிந்தவருக்குத்தான் அது ருசிக்கும். ரியாக்ட், வியூ போன்றவை திரையை அழகாக்குவதற்கானவை அல்ல. தரவு மாறும்போது திரையும் சேர்ந்து மாறுவதைச் சுலபமாக்குகின்றன, அவ்வளவே. ரியாக்ட் படித்தால் டிசைன் வந்துவிடும் என்று எண்ணி ஆறு மாதம் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இணையத் தொழில்நுட்பத்தில் எழுதியதையே கணினியில் நிறுவும் செயலியாக்க இரண்டு வழிகள் பேர்போனவை. எலெக்ட்ரோன், 2013இல் கிட்ஹப் நிறுவனத்தில் பிறந்தது. விஎஸ் கோட், ஸ்லாக் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு முழுக் குரோமியத்தை, அதாவது குரோமின் அடித்தளமான உலாவியை, சுமந்துகொண்டு வரும். அதனால் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் நினைவகத்தையும் தின்னும், 4 ஜி.பி. இயந்திரத்தில் இன்னும் இரண்டு நிரல்கள் திறந்திருந்தால் மூச்சு வாங்கும். டௌரி 2022இல் முதற் பதிப்பு கண்டது. அது கணினியில் ஏற்கெனவே உள்ள உலாவிப் பொறியைக் கடன் வாங்கிக்கொள்வதால் சிறியது, இலேசானது. பின்பக்கத்துக்குக் கொஞ்சம் ரஸ்ட் மொழி தெரிய வேண்டும், புதியவருக்கு அது சற்றுக் கரடுமுரடு. போனுக்கும் கணினிக்கும் ஒரே நிரலில் செயலி செய்யும் கூகுளின் ஃப்ளட்டரும் இப்போது விண்டோஸில் நிலையாக ஓடுகிறது. போன் செயலிதான் முதல் நோக்கம் என்றால் அதை எடுங்கள், இணையத்துக்கு மட்டும் என்றால் முதல் தடவை திறக்க நேரமெடுக்கும், வேண்டாம்.

எதுவும் தெரியாமல் இன்று தொடங்குபவருக்கு என் பரிந்துரை: எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., பூட்ஸ்ட்ராப். அதே அறிவு இணையத்துக்கும் உதவும், பிறகு எலெக்ட்ரோனுக்கோ டௌரிக்கோ போனாலும் உதவும்.

வடிவு எங்கிருந்து வருகிறது

எந்தக் கருவியை எடுத்தாலும் சில விடயங்களை அது உங்களுக்காகச் செய்து தராது. இடைவெளிகளை 8இன் மடங்குகளில் வையுங்கள்: 8, 16, 24 புள்ளிகள். அதைவிட்டு இங்கே 11, அங்கே 19 என்று போனால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ குழப்பமாக இருக்கும். எழுத்தளவு இரண்டு, மூன்றுக்கு மேல் வேண்டாம். அழுத்தமான நிறம் ஒன்றே ஒன்று, அதுவும் முக்கியப் பொத்தானுக்கு. எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள், 1,250.00உம் 86,400.00உம் ஒன்றின் கீழ் ஒன்று வரும்போது கூட்டல் பிழை தானாகக் கண்ணில் படும்.

நிறத்தில் ஓர் அளவுகோல் உண்டு. இணைய அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு கேட்கிறது. இதைச் சோதிக்க இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து, குளிரூட்டிய அறையில் இருந்து பார்த்தால் நாகரிகமாகத்தான் இருக்கும். ஆலையின் முன்பக்கம் திறந்த கொட்டகையில் பங்குனி வெயில் திரையில் விழும்போது அங்கே எழுத்து இருப்பதே தெரியாது. கறுப்புப் பின்னணியும் அங்கே எடுபடாது, கிளாக்கரின் முகம்தான் கண்ணாடியில் போலத் தெரியும். போனில் தொடும் பொத்தான்களுக்குக் கூகுள் சொல்லும் அளவு 48 அலகு, அப்பிள் சொல்வது 44. உமி படிந்த விரலுக்கு நான் பெரியதையே எடுப்பேன்.

அப்புறம் விசைப்பலகை. கிளாக்கரின் ஒரு கை எண் விசைகளில், மற்றது சிட்டையில். மௌஸைத் தேட அவருக்குக் கை இல்லை. என்டரை அழுத்தினால் நிறையிலிருந்து ஈரப்பதத்துக்கும், அதிலிருந்து விலைக்கும் தானாகப் போக வேண்டும். டபிள்யூ.பி.எஃப்., கியூட், இணையம் எதிலும் டாப் விசையின் ஒழுங்கை நீங்கள் வகுக்கலாம். என்டருக்குச் சில வரி நிரல் எழுத வேண்டும். கீறும் கருவியில் இது தெரியவே தெரியாது. படத்தின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவுப் பெட்டிக்கு வருவோம். "கழிவு: 38 கிலோ" என்று மட்டும் காட்டினால் விவசாயி கேட்கத்தான் செய்வார்: "என்ன கணக்கில கழிச்சனீங்கள் தம்பி?" ஈரப்பதம் எவ்வளவு, எல்லை எவ்வளவு, அதற்கு ஆலை போடும் கணக்கு என்ன என்று அந்தப் பெட்டிக்குக் கீழேயே ஒரு வரி, அதே வரி சிட்டையிலும். இரண்டு பக்கமும் பார்க்கும்படி திரையைத் திருப்பி வைக்கக்கூடிய மேசையென்றால் அந்த எழுத்தை மற்றதைவிட ஒரு படி பெரிதாக வையுங்கள்.

செய்து முடித்ததும் ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். பாவனைத்தன்மை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இது: ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும், பெரும்பாலான சிக்கல்கள் அதிலேயே வெளிவந்துவிடும், மிச்சக் காசை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் வகுப்பு நண்பர்கள் ஐந்து பேர் அல்ல. கிளாக்கர், அவருக்கு லீவு என்றால் மேசையில் இருக்கும் ஆள், உரிமையாளரின் மகள், இப்படி. "இந்தச் சிட்டையைப் பதிந்து தாங்கோ அண்ணை" என்று ஓர் உண்மையான சிட்டையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். எங்கே கை தயங்குகிறது, எந்தப் பெட்டியில் தப்பான எண் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்ய வாய் உன்னும், செய்யாதீர்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்தப் பக்கத்தைத் திரும்பத் தாளில் கீறிப் பாருங்கள், நிரலில் கை வைக்க முன்.